'கியர்பாக்ஸ் போச்சு'ன்னு சொல்லிட்டாங்களா? பணத்தை எடுக்கும் முன் ஒயரைப் பாருங்க!

நவம்பர் மாத மழை. விழுப்புரத்திலிருந்து சென்னை நோக்கி ஓர் ஆட்டோமேட்டிக் கார் வந்துகொண்டிருக்கிறது. ஓட்டுவது மகள். பின் சீட்டில் அப்பா. இரண்டு நாள் கழித்து அவருக்குக் கண் ஆபரேஷன். மேல்மருவத்தூரைத் தாண்டியதும் கார் 'டங்'கென்று ஒரு குலுக்கு குலுக்குகிறது. டாஷ்போர்டில் 'டி' எழுத்து கண் சிமிட்டுகிறது. பக்கத்திலேயே மஞ்சள் நிறத்தில் இன்ஜின் விளக்கு.

அதன் பிறகு இன்ஜின்தான் கத்துகிறதே தவிர, வேகம் ஏறவில்லை. டோல்கேட்டில் நின்று கிளம்பினால் மாட்டுவண்டிபோல நகர்கிறது.

"என்னம்மா ஆச்சு?"

"தெரியலப்பா. கியரே மாற மாட்டேங்குது."

ஓரம்கட்டி, காரை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. செங்கல்பட்டு வரும்போது மறுபடியும் 'டங்'. அங்கே ஒரு ஒர்க் ஷாப்பில் விடுகிறார்கள். மாலையில் போன் வருகிறது. "கியர்பாக்ஸ் போச்சு மேடம். அசெம்பிளியா மாத்தணும். ரெண்டு லட்சம் வரைக்கும் ஆகும்."

மகள் எதுவும் பேசவில்லை. அப்பாதான் பேசுகிறார். "ஆபரேஷனை அடுத்த மாசம் வெச்சுக்கலாம்மா. முதல்ல வண்டியைப் பாரு."

இது ஒரு மாதிரிக் காட்சிதான். ஆனால், ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. இந்தக் காரில் உண்மையிலேயே என்ன பழுது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று படிப்படியாகப் பார்க்கலாம். கார் பற்றி எதுவும் தெரியாதவர்களும் பயப்பட வேண்டாம். வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்றால் ஸ்விட்ச், பிளக், ஃபியூஸ் என்று வரிசையாகப் பார்ப்போமே, அதே புத்திதான் இங்கேயும் வேலை செய்கிறது.

கியருக்குள் கரன்ட் எப்படி வந்தது?

ஆட்டோமேட்டிக் கியர் புதிய விஷயம் இல்லை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஹைட்ரா-மேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களிலேயே கொடுத்துவிட்டது. அதில் கம்ப்யூட்டர் கிடையாது. எந்த நேரத்தில் எந்த கியர் என்பதை ஆயிலின் அழுத்தமும், வால்வுகளும், ஸ்பிரிங்குகளும் முடிவு செய்தன.

1980-களில் இருந்து அந்த முடிவெடுக்கும் வேலை கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தின் கைக்கு மாறியது. இன்றைய ஆட்டோமேட்டிக் காரில் கியர்பாக்ஸுக்கென்றே ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. அதை டி.சி.எம் என்கிறார்கள். அதற்குக் கண், காது எல்லாம் சென்சார்கள். கியர்பாக்ஸுக்குள் வரும் வேகம் எவ்வளவு, வெளியே போகும் வேகம் எவ்வளவு, ஆயில் எவ்வளவு சூடு, லீவர் எந்த இடத்தில் இருக்கிறது, பிரேக் மிதிபட்டிருக்கிறதா என்று எல்லாவற்றையும் அவை சொல்லிக்கொண்டே இருக்கும்.

அதற்குக் கை என்றால், சோலனாய்டுகள். செம்புக் கம்பி சுற்றிய சின்னச் சின்ன மின்காந்த வால்வுகள் இவை. கரன்ட் கொடுத்தால் ஆயில் வழி திறக்கும் அல்லது மூடும். ஆயில் போகும் வழி மாறினால் கியர் மாறும்.

ஆக, பல் சக்கரங்களும் கிளட்ச் தட்டுகளும் நூற்றுக்கு நூறு நன்றாக இருந்தாலும், ஒரு ஒயரோ, ஒரு கனெக்டர் பின்னோ, ஒரு ஃபியூஸோ சரியில்லை என்றால் கியர் மாறாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

அந்த 'டங்' எதைச் சொல்கிறது?

ஒரு சோலனாய்டுக்குக் கரன்ட் அனுப்பும்போது, அந்தப் பாதை முழுமையாக இருக்கிறதா என்று டி.சி.எம் கவனித்துக்கொண்டே இருக்கும். பாதை அறுந்திருந்தாலும், எங்காவது ஷார்ட் ஆனாலும் அதற்குத் தெரிந்துவிடும். உடனே அது ஒரு தற்காப்பு நடவடிக்கை எடுக்கும். பல கார்களில் சோலனாய்டுகளுக்குப் போகும் கரன்ட்டையே நிறுத்திவிடும்.

கரன்ட் இல்லாத நிலையில் காரை ஒரே ஒரு முன்னோக்கிய கியரில் ஓட வைக்கும்படி கியர்பாக்ஸை வடிவமைத்திருப்பார்கள். அது இரண்டாவதாகவோ, மூன்றாவதாகவோ, வேறாகவோ இருக்கலாம். கியர்பாக்ஸைப் பொறுத்தது. பெரும்பாலும் ரிவர்ஸும் வேலை செய்யும். இதற்கு 'லிம்ப் மோடு' என்று பெயர். நொண்டி நொண்டியாவது வீடு போய்ச் சேருங்கள் என்பது பொருள்.

கரன்ட் இல்லாதபோது ஆயில் அழுத்தம் முழு அளவுக்குப் போய்விடும். கிளட்ச் தட்டுகள் வழுக்கி எரிந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதனால்தான் கியர் விழும்போது 'டங்'கென்று இடிக்கிறது. மேல்மருவத்தூரில் கேட்ட சத்தம், பல் சக்கரம் உடைந்த சத்தமாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. கம்ப்யூட்டர் தன் கையைக் கட்டிக்கொண்ட சத்தமாகவும் இருக்கலாம்.

அணைத்து ஸ்டார்ட் செய்ததும் கார் சரியாக ஓடியதே? அதுவும் ஒரு துப்பு. ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து சோதிக்கிறது. அந்த நொடியில் பாதை சரியாக இருந்தால், வழக்கம்போல இயங்க விட்டுவிடும். உள்ளே தேய்ந்துபோன கிளட்ச் தட்டு ஐந்து நிமிட ஓய்வில் வளர்ந்துவிடாது. விட்டு விட்டு வரும் பழுது என்றால், முதல் சந்தேகம் ஒயர்மீது விழுவது நியாயம். ஆனால், இது துப்பு மட்டும்தான். இதை வைத்தே முடிவுக்கு வந்துவிட முடியாது.

முதலில் கேள்வி, பிறகுதான் ஸ்பேனர்

மகள் அவசரப்படவில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டு, தெரிந்தவர் சொன்ன ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனை அழைத்து வருகிறார். அவர் பானெட்டைத் திறக்கும் முன்பு கேள்வி கேட்கிறார்.

"எப்பம்மா வருது? காலையில ஸ்டார்ட் பண்ணவுடனேயா, கொஞ்ச தூரம் ஓடின பிறகா?"

"ஒரு மணி நேரம் ஓடின பிறகுதாண்ணே. மேடு பள்ளத்துல இறங்குனப்பதான் ரெண்டு தடவையும் வந்துச்சு."

"மழையில ஓட்டினீங்களா? சமீபத்துல பேட்டரி மாத்தினீங்களா? வண்டியை வாட்டர் வாஷ் விட்டீங்களா?"

"போன மாசம் பேட்டரி மாத்தினோம்."

இந்தப் பதில்களிலேயே பாதி விஷயம் வந்துவிடுகிறது. சூடானால் வரும் பழுது ஒரு வகை. ஈரத்தில் வரும் பழுது இன்னொரு வகை. குலுங்கினால் வருவது மூன்றாவது வகை. எங்கோ ஒரு தொடர்பு தளர்வாக இருப்பதை இது காட்டுகிறது. பேட்டரி மாற்றியவர் பக்கத்திலிருந்த ஒயர் கட்டை எங்கே தள்ளிவைத்தார் என்பதும் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

எரர் கோடு என்பது முகவரி, தீர்ப்பு கிடையாது

அடுத்து ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதற்கு ஓ.பி.டி போர்ட் என்று பெயர். ஸ்கேனரை அதில் சொருகினால், கம்ப்யூட்டர் பதிவு செய்துவைத்த எரர் கோடுகள் வரும்.

கியர்பாக்ஸ் பிரச்னை என்றால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது 'பி 0700'. இதைக் காட்டித்தான் பல பேரிடம் 'கியர்பாக்ஸ் காலி' என்று சொல்லப்படுகிறது. உண்மையில் அந்தக் கோடு சொல்வது இவ்வளவுதான்: 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு கோளாறைப் பதிவு செய்திருக்கிறது. அதனிடம் போய்க் கேளுங்கள்.' வீட்டு வாசலில் தபால்காரர் 'உங்களுக்குக் கடிதம்' என்று கூப்பிடுவதுபோல. கடிதத்தைப் பிரிக்காமலே அழ ஆரம்பிப்பதில் அர்த்தமில்லை.

டி.சி.எம் வரை உள்ளே போய்ப் படிக்கக்கூடிய ஸ்கேனரில்தான் அந்தக் கடிதத்தைப் பிரிக்க முடியும். சில பொதுவான கோடுகள்:

• பி 0705 – லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சென்சாரின் மின்பாதையில் கோளாறு

• பி 0715 – கியர்பாக்ஸுக்குள் வரும் வேகத்தை அளக்கும் சென்சாரின் மின்பாதை

• பி 0720 – வெளியே போகும் வேகத்தை அளக்கும் சென்சாரின் மின்பாதை

• பி 0751 – ஷிஃப்ட் சோலனாய்டு 'ஏ' சரியாகச் செயல்படவில்லை

• பி 0753 – அதே சோலனாய்டு, ஆனால் மின்சாரக் கோளாறு

• யு 0101 – கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோடு தொடர்பே கிடைக்கவில்லை

0751-க்கும் 0753-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். கடைசி எண் ஒன்றுதான் மாறுகிறது. முதலாவது, 'நான் கரன்ட் அனுப்பினேன், வேலை நடக்கவில்லை' என்கிறது. வால்வு சிக்கியிருக்கலாம், ஆயில் அழுக்காக இருக்கலாம். இரண்டாவது, 'நான் அனுப்பிய கரன்ட் போகிற பாதையே சரியில்லை' என்கிறது. முதலாவதில் கியர்பாக்ஸைத் திறக்க நேரலாம். இரண்டாவதில் முதலில் பார்க்க வேண்டியது ஒயர். ஒரே ஓர் எண்ணுக்குப் பின்னால் லட்ச ரூபாய் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

நம் மாதிரிக் காரில் வந்தது பி 0700-ம், பி 0753-ம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கோடுகளை எழுதி வைக்காமல் அழித்துவிடக் கூடாது. கோளாறு வந்த நொடியில் காரின் வேகம், இன்ஜினின் சூடு என்ன என்பது போன்ற விவரங்களும் பல நேரங்களில் சேர்ந்தே பதிவாகியிருக்கும். அழித்தால் துப்பும் சேர்ந்து போய்விடும்.

பானெட்டைத் திறந்ததும் செய்ய வேண்டியவை

விலை குறைவான சோதனையிலிருந்து தொடங்குவதுதான் நல்ல எலெக்ட்ரீஷியனின் லட்சணம். முதலில் பேட்டரி. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5-லிருந்து 14.5 வோல்ட் வரை. பேட்டரி வலுவிழந்தால் கம்ப்யூட்டர்கள் தடுமாறும். சம்பந்தமே இல்லாத பல கோடுகள் ஒரே நேரத்தில் வரிசைகட்டி வந்தால், முதலில் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து எர்த். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் காரின் பாடியோடு இணைக்கும் தடித்த பட்டை ஒன்று உண்டு. அதில் துரு ஏறினால் கரன்ட் திரும்பிவர வழி இருக்காது. இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் கியர்பாக்ஸ் உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 0.1, அதிகபட்சம் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அதற்கு மேல் போனால் அங்கே இழப்பு இருக்கிறது.

பிறகு ஃபியூஸ், பிரேக் ஸ்விட்ச். இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பிரேக்கை மிதித்தால்தான் ஆட்டோமேட்டிக் லீவர் 'பி'யிலிருந்து வெளியே வரும். அந்தத் தகவலைச் சொல்வது பிரேக் பெடல் அருகே இருக்கும் சின்ன ஸ்விட்ச். அது கெட்டாலோ, சில கார்களில் பிரேக் லைட் ஃபியூஸ் போனாலோ, லீவர் அசையவே அசையாது. பார்ப்பவர் 'கியர் ஜாம்' என்பார். பிரேக்கை மிதிக்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று வீட்டுப் பிள்ளை ஒருவரை நிற்கவைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பல கார்களில் லீவர் பக்கத்திலேயே 'ஷிஃப்ட் லாக் ரிலீஸ்' என்ற சிறிய துளையோ பட்டனோ இருக்கும். அவசரத்துக்கு லீவரை எப்படி விடுவிப்பது என்று காரோடு வந்த கையேட்டில் போட்டிருப்பார்கள்.

இந்தக் காரில் பேட்டரி, எர்த், ஃபியூஸ், பிரேக் ஸ்விட்ச் நான்கும் சரி.

ஒயருக்கு இரண்டு முனை

இப்போதுதான் உண்மையான வேட்டை. சந்தேகப்படும் சோலனாய்டு கியர்பாக்ஸுக்குள் ஆயிலில் இருக்கிறது. ஆனால், அதன் இரண்டு முனைகளும் கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும் கனெக்டர் வரை வந்துவிடுகின்றன. கனெக்டரைக் கழற்றி, கியர்பாக்ஸ் பக்கத்துப் பின்களில் மல்டிமீட்டரை வைத்தால், கியர்பாக்ஸைத் திறக்காமலே சோலனாய்டின் உடல்நிலையைத் தெரிந்துகொள்ளலாம்.

மீட்டர் 13 ஓம் காட்டுகிறது. இந்த மாதிரி ஆன்-ஆஃப் சோலனாய்டுக்கு இது சாதாரண அளவு. ஒவ்வொரு காருக்கும் சரியான எண் அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவிகிதம் கூடும். 30 டிகிரியில் 13 ஓம் காட்டும் சுருள், 100 டிகிரியில் 16 ஓமைத் தாண்டிவிடும். அதைப் பார்த்து 'சோலனாய்டு கெட்டுப்போச்சு' என்று சொல்லிவிடக் கூடாது.

ஆக, சோலனாய்டு நலம். அடுத்து மறுமுனை. கியர்பாக்ஸ் கனெக்டரை மறுபடி மாட்டிவிட்டு, டி.சி.எம் கனெக்டரைக் கழற்றி அங்கிருந்து அதே சோலனாய்டை அளக்கிறார் எலெக்ட்ரீஷியன். அங்கேயும் ஏறக்குறைய 13-தான் வர வேண்டும். வருகிறது. அப்படியானால் ஒயரும் நலமா?

"மேடம், நீங்க மீட்டரையே பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு, ஒயர் கட்டை ஒவ்வொரு சாண் தூரமாகப் பிடித்து லேசாக அசைத்துக்கொண்டே வருகிறார். பேட்டரி வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் கை வரும்போது எண் தாவுகிறது. 13... 40... பாதை அறுந்த குறி... மறுபடி 13.

"அங்கதான்ணே!"

கறுப்பு டேப்பைப் பிரித்தால் தெரிகிறது. பேட்டரி மாற்றிய பிறகு ஒயர் கட்டு அதன் கிளிப்பில் உட்காரவில்லை. தட்டின் இரும்பு விளிம்பில் உரசி உரசி ஓர் ஒயரின் தோல் உரிந்திருக்கிறது. மழை ஈரம் பட்டுச் செம்பு பச்சை பூத்துவிட்டது. பல இழைகளில் மிச்சமிருப்பது ஒன்றோ இரண்டோ.

சும்மா அளந்தபோது மீட்டருக்கு இது ஏன் தெரியவில்லை? கிணற்றுக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் புரியும் அறுந்து ஒரே ஒரு புரியில் தொங்கும் கயிறும், சும்மா தொங்கும்போது முழுக் கயிறுபோலத்தான் தெரியும். தண்ணீர் நிறைந்த வாளியைக் கட்டி இழுத்தால்தான் அறுக்கும். மல்டிமீட்டர் ஓம் அளக்கும்போது அனுப்பும் கரன்ட் மிக மிகக் குறைவு. அதற்கு ஓர் இழை போதும். சோலனாய்டுக்கோ ஓர் ஆம்பியர் அளவுக்குக் கரன்ட் வேண்டும்.

அதனால்தான் அனுபவசாலிகள் ஒயரின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, அதன் வழியாக 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை எரியவிட்டுப் பார்க்கிறார்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் ஒயர் நல்லது. மங்கினால் கோளாறு. டி.சி.எம் இணைப்பில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யவே கூடாது. கம்ப்யூட்டர் போய்விடும்.

கெட்ட பகுதியை வெட்டி, புது ஒயர் வைத்து, பற்றவைத்து, ஈரம் புகாத உறை போட்டு, கட்டைக் கிளிப்பில் உட்கார வைத்தால் வேலை முடிந்தது. பிறகு கோடுகளை அழித்து, ஒரு மணி நேரம் சாலையில் ஓட்டி, மேடு பள்ளத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை ஓட்டம் இல்லாமல் எந்த ரிப்பேரும் முழுமை ஆகாது.

உலகம் முழுக்க நடந்த கதை

இது ஏதோ மூலையில் நடக்கும் அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். பெரிய நிறுவனங்களே இந்தப் பாடத்தைப் படித்திருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் 7 ஸ்பீடு டி.எஸ்.ஜி கியர்பாக்ஸ் பிரச்னைக்காக 2013 மார்ச் மாதம் சீனாவில் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உலக அளவில் இன்னும் சுமார் 16 லட்சம் கார்கள். இந்த நவம்பர் அழைப்புக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது பல் சக்கரம் இல்லை. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில், கியர்பாக்ஸில் இருந்த சிந்தெடிக் ஆயில் மின்சப்ளையில் கோளாறை உண்டாக்கலாம் என்றது நிறுவனம். தீர்வு, மினரல் ஆயிலுக்கு மாற்றுவது.

ஃபோர்டு நிறுவனம் 2014-ல் அமெரிக்காவில் விற்ற சில ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களின் டி.சி.எம்-முக்கு மட்டும் வாரன்ட்டியை 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் என்று நீட்டித்தது. அதாவது சுமார் 2.4 லட்சம் கிலோமீட்டர்.

மெர்சிடீஸ்-பென்ஸ் கார்களில் 1996 முதல் வந்த 5 ஸ்பீடு 722.6 கியர்பாக்ஸில் இன்னொரு விசித்திரம். கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் கனெக்டரின் ரப்பர் வளையம் தேய்ந்தால், ஆயில் ஒயருக்குள் புகுந்துவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஒயர் வழியாகவே ஏறி, கம்ப்யூட்டர் வரைகூடப் போய்விடும். கார் இரண்டாவது கியரிலேயே நின்றுவிடும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் மாற்ற வேண்டியது ஒரு சின்ன பிளாஸ்டிக் பாகத்தை மட்டும்தான்.

அதனால், பெரிய செலவுக்குத் தலையாட்டும் முன், உங்கள் காரின் 17 இலக்க சேஸிஸ் எண்ணைச் சொல்லி, ரீகால் அல்லது நீட்டித்த வாரன்ட்டி ஏதாவது இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். பல நிறுவனங்களின் இணையதளத்திலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏ.எம்.டி கார் வைத்திருப்பவர்களுக்கு

இந்தியாவில் 2014-ல் மாருதி செலிரியோ வந்த பிறகு, ஏ.எம்.டி கார்கள் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்தன. இதில் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம் காலும் கையும் செய்யும் வேலையை, கம்ப்யூட்டர் சொல்படி கேட்கும் ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. எனவே, 'என்' எழுத்து கண் சிமிட்டி கார் நகராமல் நின்றால், கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் பேட்டரி, ஆக்சுவேட்டர் கனெக்டர், அதன் ஆயில் அளவு, பிரேக் ஸ்விட்ச் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மேனுவல் காரைப்போல இதிலும் அது தேய்கிற பொருள்தான்.

எப்போது உண்மையிலேயே கியர்பாக்ஸ்?

எல்லாவற்றுக்கும் ஒயர்தான் காரணம் என்று அடித்துப் பேசுவதும் தவறு. ஆயிலில் கருகிய வாடை, கறுத்த நிறம், உலோகத் துகள்கள், எல்லா கியரிலும் வழுக்கல், இன்ஜின் சுற்றினாலும் கார் நகராமை, உள்ளிருந்து அரைக்கும் சத்தம் ஆகியவை இருந்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது என்று பொருள். அப்போது கியர்பாக்ஸைத் திறப்பதுதான் வழி. அந்த நிலையில் 'ஒயர்தான்' என்று பிடிவாதம் பிடித்து ஓட்டினால், சரிசெய்யக்கூடியதும் கெட்டுப்போகும். சில கார்களில் டி.சி.எம்-மே கியர்பாக்ஸுக்குள் இருக்கும். அங்கே மின்கோளாறாக இருந்தாலும் கொஞ்சம் பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் முழு அசெம்பிளியையும் மாற்ற வேண்டுமா, அந்தப் பாகம் மட்டும் போதுமா என்று கேட்கலாம்.

நடுரோட்டில் நின்றால்...

• இண்டிகேட்டர் போட்டு இடதுபுறம் ஒதுங்குங்கள். நின்றதும் ஹசார்டு விளக்கு, ஹேண்ட் பிரேக், லீவர் 'பி'யில்.

• அணைக்கும் முன் டாஷ்போர்டை போனில் படம் பிடியுங்கள். பிறகு மெக்கானிக்குக் காட்ட அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

• சில நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். சரியாக ஓடினாலும், மெதுவாக அருகிலுள்ள ஒர்க் ஷாப்புக்கே செல்லுங்கள்.

• கருகல் வாடை, ஆயில் ஒழுகல், வழுக்கல் இருந்தால் ஓட்டவே வேண்டாம். இழுத்துச் செல்லும்போது இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. முழுக் காரையும் ஏற்றும் வண்டியைக் கேளுங்கள்.

• பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், கோடுகளைப் படித்த பிறகு செய்யச் சொல்லுங்கள்.

ஒர்க் ஷாப்பில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. டி.சி.எம்-மில் என்னென்ன கோடு வந்தது? எழுதிக் கொடுங்கள்.

2. பேட்டரி, எர்த், ஃபியூஸ், கனெக்டர் பார்த்தீர்களா? எவ்வளவு வோல்ட் காட்டியது?

3. சோலனாய்டையும் ஒயரையும் தனித்தனியாக அளந்தீர்களா?

4. கியர்பாக்ஸ் ஆயில் எந்த நிறத்தில் இருக்கிறது? எனக்குக் காட்ட முடியுமா?

இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாமல் பதில் சொல்பவரிடம் காரைத் தைரியமாக விடலாம். 'அதெல்லாம் உங்களுக்குப் புரியாது' என்று சொல்பவரிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.

நம் மாதிரிக் காருக்கு வருவோம். மாலை ஆறு மணி. ஒயர், உறை, கூலி எல்லாம் சேர்த்து ஆனது, குடும்பத்தோடு ஒருநாள் ஹோட்டலில் சாப்பிடும் செலவுதான். எலெக்ட்ரீஷியன் வெட்டியெடுத்த ஒயர்த் துண்டை மகளின் கையில் கொடுக்கிறார். சுண்டுவிரல் நீளம், நடுவில் பச்சை.

அப்பா அதை வாங்கி, கண்ணுக்கு அருகில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா, எல்லாம் மங்கலாத்தான் இருக்கு."

"நாளன்னைக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் நல்லாப் பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு, மகள் காரை ஸ்டார்ட் செய்கிறார்.